பதினைந்து நிமிடம் வைத்திருக்கவும்

பத்து ஐம்பத்திரண்டு என்று ரிஜிஸ்டரில் எழுதிவிட்டுப் பிரகாசி பேனாவை மூடினாள். பதினைந்து நிமிடம். பதினொன்று ஏழுக்கு இந்தச் சென்னைக்காரர் பெட்டியை மூடிக்கொண்டு கிளம்பிவிடுவார், அவளும் மதியச் சாப்பாட்டுக்குள் சரக்கு இருப்பைப் பார்த்து முடித்துவிடலாம். மேசையில் வாய் அகன்ற குடுவை, அது நிறையத் தூளாக்கிய ஐஸ், இடுக்குகளை நிரப்பும் அளவுக்குத் தண்ணீர், அதற்குள் ஒன்றோடொன்று ஒட்டினாற்போல் இரண்டு தெர்மாமீட்டர்களின் கம்பிகள். ஒன்று அவளுடையது. இந்த மாவட்டத் தடுப்பூசிக் கிடங்கில் பதினொரு வருடமாக இருக்கிறாள், மருந்தைக் குளிர்ச்சியில் காப்பாற்றுவதுதான் அவள் வேலை, மாவட்டத்தின் முப்பத்தோரு சுகாதார நிலையங்களிலும் இருக்கும் தெர்மாமீட்டர்கள் எல்லாம் இந்த ஒன்றைப் பார்த்துத்தான் நேர் செய்யப்பட்டவை. மற்றது இளம்பரிதியுடையது. பரிசோதனை நிறுவனத்திலிருந்து வந்திருக்கிறார், முப்பது வயதிருக்கும், சட்டையை உள்ளே விட்டு பெல்ட் போட்டிருக்கிறார், எதற்கும் பதற மாட்டார் போலிருக்கிறது. காலையில் பெரிய ஃபிரிட்ஜுக்குள் இரண்டையும் வைத்தபோது அவளுடையது இரண்டரை டிகிரி என்றது, அவருடையது பூஜ்யத்துக்குக் கீழே ஒன்று என்றது. இரண்டரை என்றால் மருந்து பத்திரம். பூஜ்யத்துக்குக் கீழே ஒன்று என்றால் உள்ளே இருக்கும் குழந்தை ஊசி மருந்தெல்லாம் உறைந்து செத்துப் போயிருக்கும். அவள் சிரித்துவிட்டாள். "உங்க மீட்டருக்கு ரயில்ல வந்த அலுப்பு சார்." அவர் சிரிக்கவில்லை. "ஐஸ் வச்சு பாத்துடலாம் மேடம்" என்றார். "பாருங்க. ஐஸ் பொய் சொல்லாதுல்லா" என்று அவளே தண்ணீர் பாட்டிலை வாங்கி உறைய வைத்த ஐஸை எடுத்து, அவளே மரச்சுத்தியால் தட்டி, அவளே குடுவையையும் நிரப்பினாள்.

அவளுடைய கருவியில் இருபத்தெட்டில் தொடங்கிய எண் இறங்கியது. பத்தொன்பது, பதினாறு. இளம்பரிதியின் கம்பி மெல்லியது, அதனால் விழுந்தடித்துக்கொண்டு இறங்கும், அவளுடையது தடித்த உறை போட்டது, அது தன் பாட்டுக்கு வரும். நிலையங்களிலிருந்து பயிற்சிக்கு வரும் நர்ஸ்களிடம் அவள் முதலில் சொல்வதே இதைத்தான், தெர்மாமீட்டர் மருந்தின் சூட்டைக் காட்டுவதில்லை, தன் சூட்டைத்தான் காட்டுகிறது, மருந்தின் சூடும் அதன் சூடும் ஒன்றாகும்வரை நீ கையைக் கட்டிக்கொண்டு உட்கார், அதற்குள் எட்டிப் பார்த்து எண்ணை எழுதினால் நீ எழுதுவது கருவியின் ஜாதகத்தை, மருந்தினுடையதை அல்ல. பதினைந்து நிமிடம் வைத்திருக்கவும் என்று முப்பத்தோரு சுவர்களிலும் அவள் கையெழுத்தில் ஒட்டியிருக்கிறது. பின்னால் அவளுக்கு 'பதினஞ்சு நிமிசம்' என்று பெயர் வைத்திருப்பதும் அவளுக்குத் தெரியும். வைத்துக்கொள்ளட்டும். பதினொன்று. ஒன்பது. கல்லூரியில் இயற்பியல் வாய்மொழித் தேர்வுக்கு வெளியிலிருந்து வந்த ஒரு வாத்தியார், கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, வெப்பநிலை என்றால் என்னம்மா என்று கேட்டார், அவள் சூட்டின் அளவு என்றாள், அவர் அப்படியானால் ஒரு அண்டா வெந்நீரும் ஒரு டம்ளர் வெந்நீரும் ஒரே அளவா என்றார். அவளுக்குக் காதெல்லாம் சுட்டது. பிறகு அவரே சொன்னார். இரண்டு பொருளை ஒட்டி வை, சூடு ஒன்றிலிருந்து மற்றதற்குப் போகும், போய்க்கொண்டே இருந்து ஒரு கட்டத்தில் நின்றுவிடும், நின்றபோது இரண்டுக்கும் பொதுவாக ஏதோ ஒன்று வந்துவிட்டது, அந்த ஏதோ ஒன்றுக்குத்தான் வெப்பநிலை என்று பெயர். முதலில் சமநிலை, அதற்கப்புறம்தான் வெப்பநிலை. அவள் வீட்டுக்குப் போய் அன்று முழுக்க இதையே நினைத்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு என்று தெரிவதற்கு முன்பே சமம் என்று தெரிந்துவிடுகிறது. அது அப்போது அழகாகத்தான் இருந்தது.

"என்னோடது பூஜ்யம் வந்துடுச்சு மேடம்." வந்திருந்தது. மூன்றாவது நிமிடத்திலேயே வந்து அசையாமல் நின்றது. பிரகாசி தலையை மட்டும் ஆட்டினாள். ஐஸில் பூஜ்யம் காட்டுகிறது என்றால் கருவி நல்ல கருவிதான், அதில் சந்தேகமில்லை, ரயில் அலுப்பும் இல்லை ஒன்றும் இல்லை. தன்னுடையதும் பூஜ்யத்துக்கு வரும். வந்தால் காலையில் ஃபிரிட்ஜில் வேறு ஏதோ நடந்திருக்கிறது, ஒன்று மேல் தட்டில் இருந்திருக்கும், மற்றது குளிர்ச்சுவரைத் தொட்டிருக்கும், கதவைத் திறந்து மூடியிருப்பார்கள். ஏழு. ஆறு புள்ளி இரண்டு. இறங்குகிறது பார். இறங்கும். ஐந்து புள்ளி எட்டு. ஏன் இப்படி நடை தளர்கிறது என்று கேட்டால் அதுவும் அந்தப் பாடம்தான், வித்தியாசம் குறையக் குறைய வேகமும் குறையும், கடைசிக் கொஞ்சத்துக்கு வெகு நேரமாகும், அதற்காகத்தானே பதினைந்து நிமிடம். அதற்கு முன்னால் பதறுகிறவர்கள் பதறட்டும். அவள் பதறவில்லை. உள்ளங்கை வேர்த்திருப்பதை மட்டும் கவனித்துச் சேலையில் துடைத்துக்கொண்டாள். இவளுடையது தப்பு என்றால் முப்பத்தொன்றும் தப்பாக வேண்டும், முப்பத்தொன்றும் எப்படி ஒரே மாதிரி தப்பாகும். போன மாதம்கூட நான்கை எடுத்து வரச்சொல்லிப் பார்த்தாளே, நான்கும் இதோடு இம்மி பிசகாமல் ஒத்துப் போயினவே. அந்த வாத்தியார் அதையும் சொன்னார், முதலாவதும் மூன்றாவதும் சமம், இரண்டாவதும் மூன்றாவதும் சமம் என்றால் முதலாவதையும் இரண்டாவதையும் ஒட்டி வைத்துப் பார்க்க வேண்டியதே இல்லை. வெப்பத்தின் விதிகளில் இதற்கு எண் பூஜ்யம். ஒன்றும் இரண்டும் மூன்றும் எழுதி முடித்த பிறகு, ஐயையோ இதல்லவா எல்லாவற்றுக்கும் அடியில் இருக்க வேண்டியது என்று தோன்றி, பூஜ்யம் என்று நம்பர் போட்டுக் கொண்டுவந்து கீழே சொருகினார்களாம். அந்த விதிதான் அவளுக்குச் சோறு போடுகிறது. முப்பத்தொன்றும் ஒத்துப்போகின்றன. ஒத்துப்போகின்றன, ஏனென்றால் அவற்றை ஒத்துப்போக வைத்ததே அவள்தான். ஒவ்வொன்றையும் இதே மேசையில் இதன் பக்கத்தில் வைத்து, இது காட்டுவதையே அதுவும் காட்டும்படி திருகிவிட்டவள் அவள். சமம் என்றுதான் விதி சொல்கிறது. சரி என்று அது எங்கே சொன்னது. எண் என்பது நாம் வைத்தது, ஐஸுக்குப் பூஜ்யம் என்று யாரோ ஒரு இடத்தைப் பிடித்துக்கொண்டு அங்கிருந்து எண்ணத் தொடங்கியது, பிடித்த இடம் வழுக்கியிருந்தால் ஊர் முழுக்கச் சேர்ந்து ஒற்றுமையாக வழுக்கும். நாலு புள்ளி ஒன்பது.

நிலையங்களின் ஃபிரிட்ஜ் கதவுகளிலும் ஒரு எண் காட்டுமே. கம்பெனியிலேயே வைத்து வந்த சின்னச் சிவப்பு எண்கள். இந்த வருடம் அவை ரொம்பக் குறைவாகவே காட்டிக்கொண்டிருந்தன, பூஜ்யம், கீழே ஒன்று என்று, நர்ஸ்கள் குழம்பிப் போய் ஃபோன் பண்ணிக்கொண்டே இருந்தார்கள், அவள் ஜீப்பில் போய் ஒவ்வொன்றின்மேலும் வெள்ளை டேப் ஒட்டி 'இதைப் பார்க்க வேண்டாம்' என்று எழுதிவிட்டு வந்தாள். முப்பத்தோரு டேப். கொட்டை எழுத்தில். முப்பத்தோரு பேர் உன்னிடம் ஒரே விஷயத்தைச் சொன்னார்கள், நீ முப்பத்தோரு வாயையும் டேப் போட்டு ஒட்டினாய். இல்லை, அப்படி இல்லை, அந்த எண்களை யாரும் நம்புவதில்லை, அது விதியிலேயே இருக்கிறது. ஏப்ரல் மாதத்தில் ஒரு நர்ஸ் கூப்பிட்டாள். "மேடம், மருந்து திரிதிரியா நிக்கி. ஆட்டினாலும் கரைய மாட்டேங்கு." உறைந்து இளகிய மருந்துதான் அப்படித் திரியும், ஆட்டி வைத்தால் அடியில் வண்டலாக இறங்கும், இதைச் சொல்லிக் கொடுத்தவளே பிரகாசிதான். "தெர்மாமீட்டர் என்ன காட்டுது?" என்று கேட்டாள். "ரெண்டரை மேடம்." "ரெண்டரைல எப்படி சிஸ்டர் உறையும்? வெளிச்சத்துல வச்சுப் பாத்தா எல்லாம் திரியாத்தான் தெரியும். கண்ணை நம்பாதீங்க, மீட்டரை நம்புங்க." அந்த நர்ஸ் சரிங்க மேடம் என்று வைத்துவிட்டாள். பாவம், கையில் பாட்டிலை வைத்துக்கொண்டு கண்ணால் பார்த்தவள் அவள். அதை எண்ணால் அடித்தது இவள். இரண்டரையிலேயே வைக்கச் சொன்னதும் இவள்தான், இரண்டிலிருந்து எட்டு வரை வைக்கலாம் என்றுதான் விதி, ஆனால் இந்தக் கடற்கரை வெயிலுக்கும் கரண்ட் போகிற அழகுக்கும் அடியிலேயே வைத்தால் நல்லது, இரண்டு மணி நேரம் கரண்ட் போனாலும் எட்டைத் தொடாது என்று ஒரு கூட்டத்தில் எழுந்து நின்று சொன்னாள். கை தட்டினார்கள்.

நாலு புள்ளி நாலு. அவள் குடுவையின் விளிம்பில் ஐஸ் சரியாமல் இருக்க விரலால் அழுத்தினாள். குளிர்ந்தது, அவ்வளவுதான். காந்தவில்லை. ஏன் காந்த வேண்டும் என்று அவளுக்கே தெரியவில்லை, ஆனால் விரல் ஏதோ ஒன்றை எதிர்பார்த்துக் காத்திருந்தது, அந்த எதிர்பார்த்தது வராததால் அவள் விரலைப் பார்த்தாள், பிப்ரவரி மாதம் அதே விரலில் சுத்தி பட்டுக் கிழிந்த இடம் வெள்ளைத் தழும்பாக இருந்தது. பிப்ரவரியில் அது எரிந்தது. அன்றும் இப்படித்தான் ஐஸுக்குள் விரலை விட்டாள், அப்படி ஒரு எரிச்சல், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, குளிரில் காயம் எரிகிறது என்று நினைத்துத் துணியைச் சுற்றிக்கொண்டு வேலையைப் பார்த்தாள். அன்று கிடங்கில் ஐஸ் எடுக்கும் பெட்டி ரிப்பேர். மறுநாள் ஆய்வு. தாய்க் கருவியை, இதோ இந்தத் தெர்மாமீட்டரை, ஐஸில் வைத்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டாக வேண்டும். வண்டி ஓட்டும் சுடலைமணி நான் கொண்டாரேன் அக்கா என்று துறைமுகத்துக்குப் போய் அரை மணி நேரத்தில் சாக்கில் ஐஸோடு வந்தார். மீன் பெட்டி ஐஸ். சாக்கை இறக்கிக்கொண்டே ஏதோ சொன்னார். என்ன சொன்னார். அவள் ஃபோனில் இருந்தாள், மேலதிகாரியோடு, தலையை ஆட்டிக்கொண்டே. "கடைசிப் பெட்டிதான் கெடச்சுது அக்கா. மேல கல்லுப்பு போட்டுருந்தாங்க, நல்லா தட்டி விட்டுட்டேன்." கேட்டது. காதில் விழுந்தது. ஆறு மாதமாகக் காதுக்குள்ளேயே கிடந்தது, இப்போதுதான் இறங்கி வருகிறது. உப்பு. உப்பு பட்ட ஐஸ் பூஜ்யத்தில் இளகாது, அதற்கும் கீழே போய்த்தான் இளகும், ஐஸ் விற்கிறவருக்கும் மீன்காரருக்கும் தெரிந்த சங்கதி, அதற்காகத்தானே அவர்கள் உப்பைப் போடுகிறார்கள். அன்று அவளுடைய கருவி பூஜ்யத்துக்குக் கீழே மூன்றரை காட்டியது. நல்ல கருவி, உள்ளதை உள்ளபடி சொன்னது. ஐஸ் என்றால் பூஜ்யம், கருவிதான் இறங்கிவிட்டது என்று அவள் முடிவு செய்தாள். மூன்றரையைக் கூட்டித் திருத்தம் போட்டு, பூஜ்யம் காட்ட வைத்து, பதினைந்து நிமிடம் முழுதாகக் காத்திருந்து, கையெழுத்துப் போட்டாள். ஒரு நிமிடம்கூடக் குறைக்கவில்லை. அந்த மாதமே முப்பத்தொன்றையும் வரவழைத்து, இதைப் பார்த்தே மறுபடி திருகி அனுப்பினாள்.

மூன்று புள்ளி ஒன்பது. மணி பத்து ஐம்பத்தெட்டு. அவளுக்குத் தெரிந்துவிட்டது. இது மூன்றரைக்கு அருகில் வந்து நிற்கும், பூஜ்யத்துக்கு வராது, இனிமேல் காத்திருக்க ஒன்றுமில்லை. ஆனாலும் எழுந்திருக்க முடியவில்லை. கால் மரத்துப் போகவில்லை, தலை சுற்றவில்லை, சும்மா உட்கார்ந்திருந்தாள், வாய் கொஞ்சம் திறந்திருந்தது, காற்றாடி ரிஜிஸ்டரின் தாளைத் தூக்கித் தூக்கிப் போட்டது. இரண்டரை என்று காட்டினால் உண்மையில் கீழே ஒன்று. பிப்ரவரி, மார்ச், ஏப்ரல், மே, ஜூன், ஜூலை. ஒன்றரை மாதத்துக் குழந்தைக்கு, இரண்டரை மாதத்துக்கு, மூன்றரை மாதத்துக்கு. தொண்டை அடைப்பானுக்கும் கக்குவானுக்கும் ரணஜன்னிக்கும். செத்த மருந்து விஷமில்லை, போட்டால் ஒன்றும் ஆகாது, அந்த ஒன்றும் ஆகாததுதான் பயம், அம்மாக்காரிகள் அட்டையில் மூன்று டிக் வாங்கிப் பத்திரமாகப் பிளாஸ்டிக் கவரில் போட்டு வைத்திருப்பார்கள், நோய் வந்து வாசலில் நிற்கும்போது எடுத்துக் காட்ட. மகள் வினோலியாவின் பிள்ளைக்கும் இங்கேதான் ஊசி. மருமகன் தனியார் ஆஸ்பத்திரி என்றார், இவள்தான் சண்டை போட்டாள், எங்க மருந்துக்கு மேல ஒரு மருந்து உண்டுமா, நான் என் கையால பாத்து வச்சது என்று மகளையும் பேத்தியையும் ஆட்டோவில் ஏற்றிக் கூட்டிப் போனாள். பேத்தி தொடையில் ஊசி ஏறியபோது இவள் முகத்தைத்தான் பார்த்தது. திரும்பப் போட்டுவிடலாம். திரும்பப் போட்டால் சரியாகிவிடும், யார் யாருக்கு என்று பட்டியல் எடுத்தால் முடியும், எத்தனை ஆயிரம் என்று இப்போது நினைக்கக் கூடாது. வேலை போகும். போகட்டும், முதலில் அதை நினைக்க வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே அதை நினைத்தாள், பத்திரிகையில் போட்டோ வருமா, பழைய போட்டோவைப் போடுவார்களா, கை தட்டிய கூட்டத்தில் எடுத்த போட்டோ. கடிகாரத்தில் பதினொன்று ஆகியிருந்தது. மூன்று புள்ளி ஏழு. இன்னும் இறங்குகிறதே. இறங்கட்டும். பதினைந்து நிமிடம் முடியட்டும், நடுவில் எழுந்தால் அது அளவே இல்லை, அதை அவளே எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறாள், பதினொன்று ஏழு வரை எதுவும் நிச்சயமில்லை, பதினொன்று ஏழு வரை அவள் தப்புச் செய்தவள் இல்லை. விதிக்குள்ளே ஒளிந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள் மகராசி.

இளம்பரிதி அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். டீ கிளாஸைத் தள்ளி வைத்துவிட்டு, குரலைத் தணித்து, "மேடம், டென்ஷன் ஆகாதீங்க" என்றார். "எல்லா ஊர்லயும் நடக்கிறதுதான். இன்னைக்குத் தேதி போட்டு திருத்தம் செய்யப்பட்டதுன்னு எழுதிக்கலாம். முன்னாடி என்ன காட்டுச்சுன்னு ரிப்போர்ட்ல கேக்க மாட்டாங்க." நல்ல மனுஷன். உண்மையிலேயே இரக்கப்பட்டுத்தான் சொன்னார். பொத்தானை இரண்டு அழுத்து அழுத்தினால் மூன்றரை கழிந்துவிடும், நாளையிலிருந்து புது மருந்து சரியாக இருக்கும், பழையது போய்ச் சேர்ந்தது சேர்ந்ததுதான், எந்தக் குழந்தைக்கு எப்போது என்ன வந்தாலும் அதற்கு ஆயிரம் காரணம் சொல்லலாம். அவள் சரி என்று சொல்ல வாயெடுத்தாள். அப்போதுதான் அவர் சொன்னதில் 'இன்னைக்கு' என்ற சொல் வந்து மாட்டியது. இன்றைக்கு என்ன கிழமை. புதன். புதன்கிழமை என்றால் மாவட்டம் முழுக்கத் தடுப்பூசி நாள், ஒன்பது மணியிலிருந்து வரிசை நிற்கும், முப்பத்தோரு நிலையத்திலும் இந்த நிமிடத்தில், அவள் இங்கே எண்ணைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற இந்த நிமிடத்தில், ஒவ்வொரு தொடையாகத் துடைத்து ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள். இது காலையிலிருந்தே அவளுக்குத் தெரியும். மருந்துப் பெட்டிகளை வண்டியில் ஏற்றி அனுப்பியதே அவள். தெரிந்துகொண்டே ஐந்து நிமிடம் உட்கார்ந்திருந்தாள். பத்து ஐம்பத்தெட்டிலிருந்து பதினொன்று மூன்று வரை. பிரகாசி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள், நாற்காலி பின்னால் விழுந்தது.

"மேடம், இன்னும் நாலு நிமிஷம் இருக்கு" என்றார் இளம்பரிதி.

"இருக்கட்டும்." சுவரில் மாட்டியிருந்த ஃபோன் பட்டியலை ஆணியோடு பிடுங்கி அவர் முன்னால் வைத்தாள். "சார், நீங்க கீழ இருந்து கூப்பிடுங்க. நான் மேல இருந்து வாரேன். ஊசியை நிறுத்தச் சொல்லுங்க, மருந்து உறைஞ்சு போச்சுன்னு சொல்லுங்க. யார் சொன்னாங்கன்னு கேட்டா என் பேரைச் சொல்லுங்க."

"ரிப்போர்ட்ல..."

"எல்லாத்தையும் எழுதுங்க. பிப்ரவரிலருந்து எழுதுங்க."

அவர் தன் ஃபோனை எடுத்தார். பட்டியலில் முதல் பெயர் வெள்ளிமணல், நர்ஸ் ஹெலன். மணி போனது, போய்க்கொண்டே இருந்தது, கை வேலையாக இருக்கும், எடுக்க மாட்டாள், எடுத்தாள்.

"சிஸ்டர், கிடங்கிலருந்து பிரகாசி பேசுறேன். ஊசி போடுறதை நிறுத்துங்க. கையில இருக்கிறதை அப்படியே கீழ வைங்க."

"என்ன மேடம் ஆச்சு?"

"மருந்து உறைஞ்சிருக்கு. தப்பு என்னோடது, விவரம் அப்புறம் சொல்லுதேன். கடைசியா எப்ப போட்டீங்க?"

"இப்பத்தான் மேடம். இந்தா, பஞ்சுகூட இன்னும் என் கையிலதான் இருக்கு. இன்னைக்கு இருபத்தேழாவது பிள்ளை." ஹெலனின் குரலுக்குப் பின்னால் ஒரு குழந்தை வீறிட்டு அழுதுகொண்டிருந்தது. மூச்சை அடக்கி, பிறகு விட்டு, திரும்ப முதலிலிருந்து அழுதது. அதற்கும் பின்னால், தட்டிக் கொடுக்கிற தாளத்தோடு, ஒரு சின்ன வயதுப் பெண்ணின் குரல் கேட்டது. "முடிஞ்சிட்டு கண்ணு, முடிஞ்சிட்டு. ஒரு தடவதான் வலிக்கும். இனி உனக்கு ஒண்ணும் வராது, பாத்துக்கோ."

பிரகாசி மேசையைப் பிடித்துக்கொண்டாள். "அந்தப் பிள்ளையோட அம்மாவைப் போக விடாதீங்க சிஸ்டர். ஃபோனை அவங்க கையில குடுங்க. நான் பேசணும்."

ஃபோன் கை மாறியது. அழுகை இப்போது மிக அருகில், காதுக்குள்ளேயே கேட்டது. குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு, மூச்சு வாங்க, அந்தப் பெண் சிரித்த குரலில் பேசினாள்.

"சொல்லுங்க மேடம். நல்லா அழுதுட்டா. ஆனா போட்டாச்சு."